தூசு வந்த வழி

குளிர்நாடுகளில் இரும்பு அடுப்பு வைத்து வீட்டைச் சூடேற்றுகிறவர்கள் குளிர்காலம் முடியும் தறுவாயில் ஒன்றைக் கவனிப்பார்கள். அடுப்புக்கு மேலே சுவரில் கரும்பழுப்பாக ஒரு கறை விசிறிபோல விரிந்திருக்கும். மேசையையும் புத்தக அலமாரியையும் எத்தனை முறை துடைத்தாலும் மறுநாள் காலையில் அவற்றின்மீது மெல்லிய சாம்பல்நிறப் படலம் ஒன்று வந்து அமர்ந்திருக்கும். அடுப்பின் கதவு இறுக மூடுகிறது. புகைக்குழாயின் இணைப்புகளில் பழுதில்லை. சாம்பலை மூடிய வாளியில்தான் வெளியே எடுத்துச் செல்கிறார்கள். அப்படியானால் இந்தத் தூசு எங்கிருந்துதான் வருகிறது?

வீட்டைப் பெருக்கித் துடைப்பவர்களின் அன்றாடப் புலம்பல்போலத் தோன்றும் இக்கேள்விக்கு ஏறக்குறைய முந்நூற்றைம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. அரசர்களிடம் மனுவாகப் போயிருக்கிறது, அறிவியல் சங்கங்களில் விவாதிக்கப்பட்டிருக்கிறது, கடைசியில் பாராளுமன்றச் சட்டமாகவும் ஆகியிருக்கிறது. இந்த வரலாற்றில் சரியான விடைகளைவிடத் தவறான விடைகளே எனக்கு அதிக சுவாரஸ்யம் தருகின்றன. அவற்றில் மனிதர்களின் ஒரு பிடிவாதம் தெரிகிறது. தூசின் மூலத்தைத் தேடுகிறவன் தன் வீட்டு அடுப்பைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் தேடுகிறான்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். 'ஸ்டவ்' என்றால் நமக்கு மண்ணெண்ணெய் அடுப்போ கேஸ் அடுப்போதான் நினைவுக்கு வரும். இங்கே பேசப்படுவது சமையலுக்கானதல்ல. அறையைச் சூடாக்குவதற்காக விறகோ நிலக்கரியோ எரிக்கும், கதவு வைத்து மூடிய இரும்புப் பெட்டி அது. இதற்கு மாறாக, சுவரில் குடைந்த மாடத்தில் நெருப்பு கண்ணுக்குத் தெரியும்படி எரிவதும் உண்டு. அதைத் திறந்த கணப்பு என்று சொல்லலாம். ஜெர்மானியர்களும் ரஷ்யர்களும் மூடிய அடுப்பின் பக்கம். ஆங்கிலேயர்கள் திறந்த கணப்பின் பக்கம், அதுவும் மதப்பற்றைப் போன்ற ஒரு பற்றோடு. இந்தப் பிரிவினை பின்னால் முக்கியமாகப் போகிறது.

1661-ஆம் ஆண்டு ஜான் ஈவ்லின் 'ஃப்யூமிஃப்யூஜியம்' என்ற சிறுநூலை எழுதி இரண்டாம் சார்லஸ் மன்னருக்குக் காணிக்கையாக்கினார். லண்டனின் புகையைப் பற்றிய முறையீடு அது. ஈவ்லின் நாட்குறிப்பாளர், தோட்டக்கலையில் ஈடுபாடுள்ளவர், மூக்கு கூர்மையானவர். நியூகாசிலிலிருந்து கப்பலில் வந்ததால் 'கடல்கரி' என்று பெயர்பெற்ற நிலக்கரிதான் அவருடைய எதிரி. அதன் கரி வெள்ளிப் பாத்திரங்களையும் தங்கமுலாம் பூசிய பொருட்களையும் மங்கச் செய்கிறது, வீட்டுச் சாமான்களைப் பாழாக்குகிறது, மக்களின் நுரையீரலுக்குள் புகுந்து இருமவைக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அரண்மனைக்குள்ளேயே பக்கத்துப் புகைபோக்கி ஒன்றின் புகை நுழைந்து, அங்கிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் காண முடியாமற்போன சம்பவத்தையும் சொல்கிறார். உள்நாட்டுப் போரின்போது நியூகாசில் முற்றுகையிடப்பட்டு லண்டனுக்குக் கரி வராமல் நின்ற சமயத்தில் நகரின் நடுவிலிருந்த தோட்டங்கள்கூட நன்றாகக் காய்த்தனவாம். இன்றைய ஆய்வாளர் ஒருவர் இயற்கையாக அமைந்த சோதனை என்று சொல்லி மகிழக்கூடிய தகவல் இது.

இவ்வளவு கூர்மையாகப் பார்த்தவர் குற்றவாளியை அடையாளம் காட்டும் இடத்தில் வீட்டு அடுப்புகளை விடுவித்துவிடுகிறார். சமையலறை நெருப்பின் புகை மெலிந்தது, மேலே போய்க் கலைந்துவிடும் என்பது அவர் கருத்து. மதுவடிப்போர், சாயமிடுவோர், சுண்ணாம்பு சுடுவோர், உப்பும் சோப்பும் காய்ச்சுவோர் ஆகியோரின் உலைகளே எல்லாக் கேட்டுக்கும் காரணம் என்கிறார். அவர்களைத் தேம்ஸ் நதியின் கீழ்ப்பக்கம் சில மைல்களுக்கு அப்பால் அனுப்பிவிட வேண்டும், நகரைச் சுற்றி நறுமணச் செடிகள் நட வேண்டும் என்பவை அவருடைய யோசனைகள். அந்த உலைகள் புகைந்தது உண்மைதான். ஆனால் அதே லண்டனில் ஆயிரக்கணக்கான வீடுகள் காலை முதல் இரவுவரை கரி எரித்துக்கொண்டிருந்தன. ஈவ்லின் அந்தப் புத்தகத்தை எழுதிய அறையிலும் ஒரு கணப்பு எரிந்திருக்கக்கூடும்.

இதில் காலம் செய்த ஒரு கேலியும் உண்டு. அடுத்த ஆண்டே, 1662-ல், அதே அரசர் கணப்பு வரி விதித்தார். கணப்பு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங். அதிகாரிகள் வீடு வீடாக நுழைந்து கணப்புகளை எண்ணினார்கள். வீட்டுக்குள் அரசாங்க ஆள் நுழைவதா என்று மக்கள் கொதித்துப்போய், 1689-ல் அந்த வரி நீக்கப்பட்டது. வரலாற்றாசிரியர்களுக்கு அந்தக் கணக்கேடுகள் இன்று பெரும் புதையல். வரிக்காக எண்ணப்பட்ட அந்தக் கணப்புகளைப் புகைக்காக எண்ணிப்பார்க்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. வீட்டு நெருப்பைத் தொட்டால் மக்கள் பொறுக்கமாட்டார்கள் என்ற பாடத்தை மட்டும் ஆட்சியாளர்கள் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள்.

தூசு எங்கிருந்து வருகிறது என்று விவாதித்தவர்கள் வேறு, அதைத் துடைத்தவர்கள் வேறு. துடைத்தவர்களுக்கு அதன் ஊற்று எங்கே என்பதில் சந்தேகமே இருந்திருக்காது. 1775-ல் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளர்களுக்கு விதைப்பையில் வரும் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என்று எழுதினார். ஒரு தொழிலையும் ஒரு புற்றுநோயையும் இணைத்த முதல் மருத்துவப் பதிவு என்று அதைச் சொல்வார்கள். குறுகலான புகைபோக்கிகளுக்குள் ஏற்றப்பட்டவர்கள் சிறுவர்கள். அந்த வழக்கம் உண்மையில் ஒழிவதற்கு 1875-ஆம் ஆண்டுச் சட்டம் வரை ஒரு நூற்றாண்டு ஆயிற்று. விக்டோரியா காலப் பணிப்பெண்ணான ஹன்னா கல்விக்கின் நாட்குறிப்புகள் பிற்காலத்தில் அச்சாகியிருக்கின்றன. அவற்றில் கணப்பைத் துலக்குவதும் சாம்பல் அள்ளுவதும் புகைபோக்கிக்குள் தானே ஏறிக் கரி துடைப்பதும் திரும்பத் திரும்ப வருகின்றன. கம்பளத்தைப் பெருக்குமுன் தூசு கிளம்பாதிருக்க ஈரத் தேயிலைச் சக்கையைத் தூவுவது அந்நாளைய வீடுகளின் உத்தி. நம்மூரில் வாசல் பெருக்குமுன் தண்ணீர் தெளிப்பார்களே, அதே சூட்சுமம்தான். ஐரோப்பாவின் பெரிய மாளிகைகள் சிலவற்றில் ஓட்டு அடுப்புக்கு விறகு வைக்கும் வாயை அறைக்குள் வைக்காமல் பின்புற நடைவழியில் வைத்திருப்பார்கள். சூடு எஜமானருக்கு, தூசு வேலைக்காரருக்கு.

இனி மூடிய அடுப்புக்கு வருவோம். பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் 1744-ல் தன்னுடைய 'பென்சில்வேனியக் கணப்பை' அறிமுகப்படுத்தி ஒரு துண்டுநூல் வெளியிட்டார். சூடான இரும்பு கெட்ட வாடை வீசும், உடலுக்குத் தீங்கு என்று அன்று பரவலாக ஒரு நம்பிக்கை இருந்தது. ஃப்ராங்க்ளின் அதை மறுத்தார். வாடை இரும்பினுடையதல்ல என்றார். சூடு எவ்வளவு என்று பார்க்க அடுப்பின்மீது எச்சில் துப்பும் வழக்கம், அதன்மேல் சிந்தும் மெழுகுவத்திக் கொழுப்பு, படியும் அழுக்கு ஆகியவை கருகுவதால் வருவதே அந்த நாற்றம் என்பது அவர் வாதம். விற்பனைக்காக எழுதப்பட்ட நூல்தான். இருந்தாலும் இந்த வரலாற்றில் கேள்வியைச் சரியான திசையில் திருப்பியவர் அவர் என்றே எனக்குத் தோன்றுகிறது. அடுப்பிலிருந்து என்ன வெளியே வருகிறது என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தபோது, அடுப்பின்மேல் வெளியிலிருந்து என்ன வந்து விழுகிறது என்று கேட்டார்.

ஆயினும் இரும்பின் மீதான சந்தேகம் தீரவில்லை. 1860-களில் பிரான்சில் சாம்பெரி நகரத்து மருத்துவர் கர்ரே வார்ப்பிரும்பு அடுப்புகளை நோய்க்குக் காரணமாகக் குற்றஞ்சாட்டினார். 1868-ல் தெவீல், த்ரூஸ் என்ற இரு வேதியியலாளர்கள் செந்தணலாகச் சிவந்த வார்ப்பிரும்பின் ஊடாக வாயுக்கள் கசியும் என்று சோதனை செய்து காட்டினார்கள். ஐரோப்பாவின் இரும்பு அடுப்புகள் எல்லாமே சல்லடைகள்தானோ என்று ஒரு பீதி கிளம்பிற்று. அந்த விவகாரத்தை விட்டுவிட்டு, சுவரில் படிந்த கறைக்கு வருகிறேன்.

1870 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஜான் டிண்டால் தூசைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். இருட்டறையில் பலத்த ஒளிக்கற்றை ஒன்றைப் பாய்ச்சினால் காற்றில் மிதக்கும் தூசு பளிச்சென்று தெரியும். நம் ஓட்டுவீடுகளில் கூரை இடுக்கு வழியாக இறங்கும் வெயிலில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தக் கற்றைக்குக் கீழே டிண்டால் சுடர் ஒன்றைப் பிடித்தபோது கரிய புகைபோன்ற சுருள்கள் மேலே எழுந்தன. பார்ப்பவர்களுக்குப் புகை என்றே தோன்றும். ஆனால் புகையே இல்லாத ஹைட்ரஜன் சுடரும் அதே கருமையைத் தந்தது. அது புகையல்ல, தூசே இல்லாத காற்று! ஒளியைச் சிதறடிக்க அங்கே ஒன்றுமில்லாததால் இருளாகத் தெரிந்தது. சுடர் தூசை எரித்துவிடுகிறது, ஆகவே மிதக்கும் தூசில் பெரும்பகுதி உயிர்ப்பொருள் என்று டிண்டால் கருதினார். அவருடைய கவனம் நோய்க்கிருமிகளின் பக்கம் போய்விட்டது.

எரிக்கும் அளவுக்குச் சூடில்லாத உலோகத்தைச் சுற்றியும் அதே இருள் தோன்றியதுதான் புதிராக எஞ்சியது. 1882-ல் ராலே பிரபு இன்னும் விசித்திரமான ஒன்றைக் கண்டார். குளிர்ந்த பொருளிலிருந்தும் தூசற்ற இருள் படலம் ஒன்று கீழ்நோக்கி வழிகிறது. குளிர்ந்த கோல் எதை எரிக்க முடியும்? லிவர்பூலில் ஆலிவர் லாட்ஜும் ஸ்காட்லாந்தில் ஜான் ஐட்கனும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இதன் முடிச்சை அவிழ்த்தார்கள்.

ஐட்கனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல ஆசை. ஃபால்கர்க் என்ற ஊரில் 1839-ல் பிறந்தவர். கப்பல் பொறியியல் படித்தும் உடல்நலம் இடங்கொடாததால் தொழிலைக் கைவிட்டு, வீட்டிலேயே கருவிகளைத் தம் கையால் செய்துகொண்டு வாழ்நாள் முழுதும் தூசையும் பனிமூட்டத்தையும் ஆராய்ந்தார். தூசு இல்லாவிட்டால் மேகமோ மூடுபனியோ உருவாகாது என்று 1880-ல் காட்டினார். 1888 வாக்கில் தூசுத்துகள்களை ஒன்றொன்றாக எண்ணும் கருவியையும் செய்தார். ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் மழைநாளில் வெளியே 32,000 துகள்கள், நல்ல வானிலையில் 1,30,000, அறைக்குள் 18,60,000, அதே அறையில் கூரையருகே 54,20,000 என்பது அவர் கொடுத்த கணக்கு. வெளிக்காற்றைவிட வீட்டுக்குள் இருக்கும் காற்றில் பல மடங்கு துகள்கள்! ஈவ்லினுக்கு யாராவது இந்தப் பட்டியலைக் காட்டியிருக்க வேண்டும்.

1884-ல் வெளிவந்த கட்டுரையில் ஐட்கன் தந்த விளக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். காற்றில் மிதக்கும் துகளின் ஒரு பக்கம் சூடான காற்று, மறுபக்கம் குளிர்ந்த காற்று என்றிருந்தால், சூடான பக்கத்து மூலக்கூறுகள் அதை அதிக வேகத்துடன் மோதும். ஆகவே துகள் குளிர்ந்த பக்கம் நோக்கித் தள்ளப்படும். சூடான பொருளைச் சுற்றித் தூசு விலகிப் போகிறது, குளிர்ந்த பொருளின்மீது போய் ஒட்டிக்கொள்கிறது. ராலே கண்ட படலம் தூசைக் கோலின்மீது பறிகொடுத்துவிட்டுக் கீழே இறங்கிய காற்று.

அடுப்புக்கு மேலே சுவரில் படியும் கறையின் மர்மம் இங்கே உடைகிறது. மூடிய அடுப்பு முதலில் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலெழுந்து, தன்னைவிடக் குளிர்ந்த சுவரிலும் கூரையிலும் உரசும்போது, சுமந்துவந்த துகள்களை அங்கே இறக்கிவைக்கிறது. அந்தத் துகள்கள் அடுப்பில் பிறந்தவையாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. துணிகளின் இழை, உதிர்ந்த தோல், செருப்போடு வந்த தெருமண், விளக்கின் கரி, தெருவிலிருந்து சன்னல்வழி நுழைந்த புகை எதுவாகவும் இருக்கலாம். அடுப்பு செய்வதெல்லாம் தூசுக்கு வண்டி ஓட்டுவது. பழைய வீடுகளில் சாந்து பூசிய கூரையில், உள்ளேயிருக்கும் மரச்சட்டங்களின் வரிசை வெளிறிய கோடுகளாகத் தெரியும். சட்டம் இருக்கும் இடம் சற்று வெதுவெதுப்பு, இடைப்பட்ட இடம் குளிர்ச்சி. குளிர்ந்த இடம் கறுக்கிறது.

திறந்த கணப்போ கதிர்வீச்சால் சூடேற்றுகிறது. அந்த வெப்பம் காற்றைத் தாண்டி நேரே சுவரிலும் சாமான்களிலும் போய் விழுகிறது. அவை காற்றைவிடச் சூடாகிவிடுவதால் தூசு அவற்றை அணுகத் தயங்குகிறது. ஆகவேதான் அடுப்பாலும் சூடான காற்றாலும் வெப்பமூட்டப்படும் அறைகள் திறந்த கணப்புள்ள அறைகளைவிட விரைவில் அழுக்கடைகின்றன என்று ஐட்கன் விளக்கினார். லாட்ஜும் கதிர்வீச்சின் பக்கமே பேசினார். (லாட்ஜ் இன்னொன்றும் செய்தார். கண்ணாடிக் குடுவைக்குள் நிறைந்த புகையை மின்முனை ஒன்றால் நொடியில் படியவைத்தார். ஆலைப் புகைபோக்கிகளில் இன்று நின்றுகொண்டிருக்கும் மின்வீழ்படிவுக் கருவியின் பாட்டனார் அந்தக் குடுவை.)

இயற்பியலில் தவறில்லை. ஆனால் ஆங்கிலேயரின் கணப்புப் பற்றுக்கு இதைவிட இனிய செய்தி வேறென்ன இருக்க முடியும்? ஜெர்மானிய அடுப்பு அறையை அழுக்காக்குகிறது, எங்கள் கணப்பு தூய்மையாக வைக்கிறது, அறிவியலே சொல்லிவிட்டது! தூய்மையான சுவர் என்பதற்குத் தூய்மையான காற்று என்று பொருளில்லை. சுவரில் படியாத துகள் காற்றில்தான் மிதந்துகொண்டிருக்கும். அதைவிட முக்கியமாக, அந்தத் திறந்த கணப்பு பாதி எரிந்தும் எரியாமலும் கக்கிய புகை புகைபோக்கி வழியாகத் தெருவுக்குப் போய், அடுத்தவர் வீட்டுச் சன்னல்வழி தூசாகத் திரும்பி வந்தது. ஒவ்வொருவர் அறையையும் தனித்தனியே பார்த்தால் கணப்பு நல்லது. ஊரைச் சேர்த்துப் பார்த்தால் அதுவே ஊற்று.

இதை உணர்ந்து சொன்னவர்களும் இல்லாமலில்லை. 1880-ல் ரோலோ ரஸ்ஸல் 'லண்டன் மூடுபனிகள்' என்ற சிறுநூலில் ஆலைகளை விட வீட்டு நெருப்பே முதற்குற்றவாளி என்று எழுதினார். (தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் சித்தப்பா இவர்.) 1881-82-ல் தெற்குக் கென்சிங்டனில் புகை தணிப்புக் கண்காட்சி நடந்தது. ஆனால் 1853 முதல் இயற்றப்பட்ட புகைச் சட்டங்கள் உலைகளைத்தான் குறிவைத்தன. 1891-ஆம் ஆண்டின் லண்டன் பொதுச் சுகாதாரச் சட்டம் குடியிருப்பு வீடுகளுக்கு விலக்கே அளித்தது. ஈவ்லினின் தீர்ப்பு 230 ஆண்டுகளுக்குப் பின்னும் நிலைத்துநின்றது.

1945 டிசம்பரில் ஜார்ஜ் ஆர்வெல் லண்டன் நாளேடு ஒன்றில் திறந்த கணப்புக்கு ஆதரவாக ஒரு கட்டுரை எழுதினார். அது அழுக்கு தருவது, வீண்செலவு, வேலை அதிகம் என்பதையெல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டு, குடும்பத்தை ஒன்றாக அமரவைக்கும் நெருப்பு வரவேற்பறையில் ஒன்றாவது வேண்டும் என்று வாதாடுகிறார். அதிகாரத்தின் பொய்களை அத்தனை துல்லியமாகக் கண்டவருக்கும் கணப்பின் முன் மனம் இளகிவிடுகிறது. அவரைக் குறைசொல்லத் தோன்றவில்லை. நெருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதன் சுகம் அப்படிப்பட்டது.

1952 டிசம்பர் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசு தூளும் சிறுகட்டியுமான மட்டரகக் கரியை மட்டும் ரேஷனிலிருந்து விடுவித்தது. நல்ல கரி ஏற்றுமதிக்குப் போய்க்கொண்டிருந்தது. டிசம்பர் 5 அன்று லண்டன்மீது குளிர்ந்த காற்று அசையாமல் நின்றுவிட்டது. குளிருக்கு மக்கள் இன்னும் கொஞ்சம் கரியை அள்ளிப் போட்டார்கள். ஐந்து நாட்கள் புகையும் மூடுபனியும் கலந்த இருள். கண்காட்சிக்குக் கொண்டுவந்திருந்த மாடுகள் மூச்சுத்திணறி இறந்தன. சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் 'லா திராவியாதா' இசைநாடகம், உள்ளே நுழைந்த புகையால் மேடை தெரியாமல் பாதியில் நிறுத்தப்பட்டது. நாயகி நுரையீரல் நோயால் சாகும் கதை அது. அதிகமாக இறந்தவர்கள் ஏறக்குறைய 4,000 பேர் என்று அன்று கணக்கிடப்பட்டது. அதன்பிறகும் வாரக்கணக்கில் தொடர்ந்த சாவுகளை அரசு இன்ஃப்ளூயன்சாவின் கணக்கில் எழுதியது. 2001-ல் வெளியான மறுஆய்வு மொத்த எண்ணிக்கை 12,000 வரை இருக்கும் என்றது.

வீட்டுவசதி அமைச்சராயிருந்த ஹரால்ட் மாக்மில்லன், பெரிதாக எதுவும் செய்ய இயலாவிட்டாலும் மும்முரமாக இருப்பதாகக் காட்டிக்கொள்ளலாம், ஒரு கமிட்டி போடலாம் என்ற பொருளில் அமைச்சரவைக்குக் குறிப்பு எழுதினார். சர் ஹ்யூ பீவர் தலைமையில் அமைந்த கமிட்டியோ அவர் எதிர்பாராதபடி உண்மையிலேயே வேலை செய்தது. அதன் 1954 அறிக்கைதான் ஈவ்லினுக்கு முறையான மறுப்பு. நாட்டின் நிலக்கரியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக எரிக்கும் வீடுகள், நாட்டின் புகையில் ஏறக்குறைய பாதியை வெளியிடுகின்றன என்று அது கண்டது. ஆலையின் உலை உயர்ந்த வெப்பத்தில் எரிக்கிறது, உயரமான புகைபோக்கியால் விடுகிறது. வீட்டுக் கணப்பு அரைகுறையாக எரித்துத் தாழ்ந்த கூரையிலிருந்து தெருவுக்கே திருப்பிவிடுகிறது. 1956 ஜூலையில் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது. வீட்டுப் புகைபோக்கி முதன்முறையாகச் சட்டத்தின் எல்லைக்குள் வந்தது. புகையில்லா வலயங்களில் கணப்பை மாற்றியமைக்க அரசே மானியமும் கொடுத்தது.

இங்கிலாந்தில் பழைய வழக்கமான வீட்டு நிலக்கரியின் விற்பனை 2023 மே 1 அன்றுதான் முற்றிலுமாகத் தடைசெய்யப்பட்டது. கரி போன இடத்துக்கு விறகு அடுப்பு வந்திருக்கிறது. இரும்பாலானது, மூடியது, கண்ணாடிக் கதவு வைத்தது. நெருப்பு தெரியவும் வேண்டும், புகை வரவும் கூடாது என்று ஆர்வெலுக்கும் ஐட்கனுக்கும் இடையில் செய்துகொண்ட சமரசம்போல இருக்கிறது. ஷெஃபீல்டு நகரில் அத்தகைய அடுப்புள்ள வீடுகளுக்குள் நுண்துகள் அளவைப் பதிவுசெய்து 2020-ல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. கதவு மூடியிருக்கும் வரை வரைபடத்தின் கோடு பெரும்பாலும் தாழ்ந்தே ஓடுகிறது. வீட்டுக்காரர் இன்னொரு விறகு வைப்பதற்காகக் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது செங்குத்தாக மேலேறுகிறது.